காதிஸ் போக மூன்று முறை தேதி குறித்தோம்

அம்மாவுக்கு ஐரோப்பா என்றால் பாரிஸ், இல்லாவிட்டால் சுவிட்சர்லாந்து. நான் காதிஸ் என்றதும் "அது எங்கேடி இருக்கு?" என்றாள். ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக்குக்குள் விரலை நீட்டினாற்போல ஒரு துண்டு நிலம், பழைய ஊருக்கு மூன்று பக்கமும் கடல், பழங்காலக் கடலோடிகளான பினீசிய வணிகர்கள் காதிர் என்று பெயர் வைத்துக் குடியேறி கிட்டத்தட்ட 3000 வருஷம் ஆகிறது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "அப்ப நம்ம தூத்துக்குடி மாதிரி துறைமுக ஊருன்னு சொல்லு" என்று முடித்துவிட்டாள். நான் சொன்னதைவிட அது சரியாகத்தான் இருந்தது.

இது 2023 கதை. முதலில் நினைத்த தேதி மார்ச் முதல் வாரம். அந்த ஊர்க் கார்னிவல் திருவிழாக் கூட்டம் பிப்ரவரி 26-ஓடு கலைந்திருக்கும், டிக்கெட்டும் மலிவு. டிசம்பர் கடைசியில் விசா ஸ்லாட் (விண்ணப்பத்தை நேரில் கொடுக்கும் நாள்) பார்க்க உட்கார்ந்தபோதுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. கொரோனாவுக்கு அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதில் காலண்டர் முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு நாள் கூடக் காலியில்லை. காலையில் காபி போடும்போது ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை என்று ஐந்து வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். "ஸ்லாட் வாங்கித் தர்றோம், ஆளுக்கு இவ்வளவு" என்று ஒருவர் வாட்ஸாப்பில் வந்தார், கொடுக்கவில்லை. கடைசியில் பிப்ரவரி நாலாவது வாரத்துக்குக் கிடைத்தது. விசா முடிவுக்குப் பொதுவாக 15 நாள் ஆகும், சிக்கலான விண்ணப்பம் என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். மார்ச் முதல் வாரம் அதோடு போயிற்று.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது விதி. அதை நான் படித்திருந்தேன், ஆனால் 'இன்னும் நாள் இருக்கே' என்று உட்கார்ந்திருந்தது என் தப்பு. டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்லாட்டைப் பாருங்கள்.

இரண்டாவது தேதியை நம்ம ஊர் விடுமுறைப் பட்டியல் கொடுத்தது. ஏப்ரல் 4 மகாவீர் ஜெயந்தி, 7 புனித வெள்ளி, நடுவில் இரண்டு நாள் லீவு போட்டால் மொத்த வாரமும் நம்முடையது. காதிஸில் அறை தேடினால் எதைத் தொட்டாலும் இரண்டு மூன்று மடங்கு விலை, அதிலும் குறைந்தது நான்கு இரவு தங்கினால்தான் தருவேன் என்கிறார்கள். ஏதோ தளத்தின் கோளாறு என்றே நினைத்தேன். அந்த வாரம் அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், காதிஸ் இருக்கும் அந்தலூசியா மாநிலம் முழுக்க ஊர்வலம், வெளியூர் சொந்தக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பும் நேரம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பங்குனி உத்திரத்தன்று பழனியில் ரூம் தேடிய கதை. ஈஸ்டர் வருஷா வருஷம் நகரும் (2023-இல் ஏப்ரல் 9), அதனால் 'ஏப்ரல் முதல் வாரம் நல்லா இருக்கும்' என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்து ஏப்ரல் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு வாரம் முன்னால் தள்ளினோம். மார்ச் 29 போய் ஏப்ரல் 4 காலையில் கிளம்புவது. புனித வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறு மட்டும் உள்ளே விழும், விலை ஏறுவதற்குள் வெளியே வந்துவிடலாம். கணக்கு நன்றாகத்தான் இருந்தது.

விசா மையத்தில் ஒரு கூத்து. அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, தாத்தா பெயரின் இனிஷியல் கூடக் கிடையாது. பயணக் காப்பீடு வாங்கும்போது படிவம் சர்நேம் இல்லாமல் நகர மறுத்ததால் நான் தாத்தா பெயரை முழுசாக அடித்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் காப்பீட்டுத் தாளையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் இரண்டு பெயரையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம், அது அம்மா பெயரில் இல்லை, அம்மா மாதிரி ஒருவர் பெயரில் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடையில் நின்று போன் மேல் போன் போட்டு, திருத்திய தாள் மெயிலில் வந்து, பிரிண்ட் எடுத்து ஓடியதற்குள் முக்கால் மணி நேரம். அம்மா நிதானமாகப் பக்கத்து நாற்காலிக்காரரின் மகள் கல்யாணக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விசா கட்டணம் அப்போது 80 யூரோ, 2024 ஜூனிலிருந்து 90. பாஸ்போர்ட் மார்ச் 17 வந்தது. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் ஏது.

மத்ரித்தில் இறங்கி, செவில்லாவில் ஒரு இரவு, அங்கிருந்து காதிஸுக்கு ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் சொச்சம். ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்குள் நடந்தே போய்விடலாம், டாக்ஸி வேண்டாம். சந்துகள் குறுகல், பெட்டி சின்னதாக இருப்பது உத்தமம்.

குளிரை யோசித்து ஸ்வெட்டர் எடுத்துப் போனேன், காற்றை யோசிக்கவில்லை. லெவாந்தே என்று கிழக்குக் காற்று, ஜிப்ரால்டர் நீரிணை வழியாக வந்து அறையும். மேற்கிலிருந்து வந்தால் பொனியெந்தே, அது ஈரமும் குளிர்ச்சியுமாக இதமாக இருக்கும். அறைக்காரம்மா எங்களிடம் வானிலை என்று சொன்னதெல்லாம் இன்றைக்கு எந்தக் காற்று என்பது மட்டும்தான். இரண்டாம் நாள் அம்மா மொட்டைமாடிக் கொடியில் நூல் புடவையைக் காயப்போட்டாள், நான்கு கிளிப் போட்டும் அது கப்பல் பாய் மாதிரி விம்மி நின்றது. அன்றைக்குப் பெரிய கடற்கரைக்குப் போனால் மணல் முகத்தில் குத்தும். மேற்குக் கோடியில் இருக்கும் லா கலெத்தாவுக்குப் போய்விட வேண்டும், ஊரே முதுகு கொடுத்துக் காற்றை மறைத்துக்கொள்கிறது. அஸ்தமனமும் அங்கேதான், இரவு எட்டரைக்கு மேல். கடலில் இறங்கலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம், தண்ணீர் சில்லென்று காலைக் கவ்வுகிறது.

ஒன்றே ஒன்றுக்கு நேரம் இருந்தால் தவிரா கோபுரத்துக்குப் போங்கள். கப்பல் வருகிறதா என்று பார்க்க வணிகர்கள் வீட்டுக்கு வீடு கோபுரம் கட்டிய ஊர் இது, 1778-இல் இதைத் துறைமுகத்தின் அதிகாரபூர்வக் காவல் கோபுரம் ஆக்கினார்கள். உச்சியில் இருட்டறை, நடுவே கிண்ணம் போலக் குழிந்த வெள்ளை வட்டம், கூரையில் கண்ணாடியும் லென்ஸும். வழிகாட்டி ஒரு கயிற்றை இழுக்க இழுக்க, ஊர் அந்த வட்டத்தில் உயிரோடு நகர்கிறது: கடற்பறவை, துறைமுகக் கப்பல், மாடிக் கொடிகளில் படபடக்கும் துணி. எல்லோரும் மஞ்சள் குவிமாடக் கதீட்ரலைப் பார்க்க, அம்மா மட்டும் எங்கள் மாடியைத் தேடி "பாரு, புடவை இருக்கா?" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டம் கூட்டமாகத்தான் உள்ளே விடுவார்கள், காலையிலேயே நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தைக் கடைசி நாளுக்கு வைத்து ஏமாறப் பார்த்தேன். திங்கட்கிழமை மூடல். நல்லவேளை சனிக்கிழமையே வாசலில் பலகையைப் பார்த்தோம். உள்ளே பளிங்கில் செதுக்கிய இரண்டு பினீசியச் சவப்பெட்டிகள், ஒன்றில் ஆண் உருவம், ஒன்றில் பெண் உருவம். ஆண் 1887-இல் கிடைத்தது. அதற்குப் பெண் ஜோடி எங்கேயோ இருக்கிறது என்று ஆயுள் முழுக்க நம்பித் தேடியவர் பெலாயோ கிந்தேரோ என்ற தொல்லியலாளர். அவர் இறந்து பல வருஷம் கழித்து 1980-இல் பெண்ணும் கிடைத்தாள், அவர் வீடு இருந்த மனையிலேயே. அம்மா அந்த முகத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

சாப்பாட்டு நேரம்தான் கொஞ்சம் பாடு. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள். மாத்திரை போடுபவர்கள் கூட இருந்தால் பையில் ஏதாவது வைத்திருங்கள். மற்றபடி மீன் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். பொரித்த மீனை எடை போட்டுக் காகிதக் கூம்பில் தருகிறார்கள். அதில் ஒன்றைக் கடித்த அம்மா நிறுத்தி, மோந்து பார்த்து, "சீரகம்... இது சுறாடி" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கசோன் என்பது சின்னச் சுறா, வினிகர், பூண்டு, சீரகத்தில் ஊறப்போட்டுப் பொரிப்பது. பொடி இறாலைக் கொண்டைக்கடலை மாவும் கோதுமை மாவும் கரைத்ததில் போட்டு, தட்டை மாதிரி மெலிசாகப் பொரிக்கிறார்கள், அதை மறுநாளும் வாங்கினோம்.

விலைக்குப் பயந்து ஒதுங்கிய புனித வாரத்தில் கடைசியில் ஒரு நாள்தான் கிடைத்தது. குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் தெருமுனையில் நின்றோம். பத்துப் பன்னிரண்டு அடி உயரச் சப்பரம் போல ஒன்று, தோளில் தூக்கி வருகிறார்கள். கவை வைத்த கட்டைகளை ஒரே நேரத்தில் தரையில் ஊன்றும் சத்தம் 'டக், டக்' என்று முதலில் வந்தது, அப்புறம்தான் மெழுகுவர்த்தி வெளிச்சம். அது கடந்து போகும்வரை எங்கள் அறை இருந்த சந்துக்குத் தெருவைத் தாண்டிப் போக முடியவில்லை, ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். செருப்பைக் கழற்றலாமா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் ஏறும்போது, எதிர் நடைமேடையில் இறங்கிய கூட்டம் பெட்டியும் குழந்தையுமாக ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. "நாம ஏன் இப்ப போறோம்?" என்றாள் அம்மா. ரூம் வாடகையைச் சொன்னேன்.