அம்மாவின் கைக்கு எட்டிய கைப்பிடி

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. வலது தோளில்தான் அடி. ஆனால் அன்று முதல் கதவைச் சாத்தப் பயந்து, என்னை வெளியே நிற்கவைத்துக்கொண்டுதான் குளித்தார். 74 வயதில் அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்!

வீடு மாறலாமா என்றுதான் முதலில் யோசித்தோம். சிங்கப்பூரில் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) ஈரறை ஃபிளெக்ஸி என்னும் சிறிய வீட்டைக் குறுகிய குத்தகைக்கு வாங்கலாம். 15 முதல் 45 ஆண்டு வரை எடுக்கலாம், 95 வயது வரைக்காவது அது வரவேண்டும். 65 ஆனவர்களுக்கு, பராமரிப்புச் சேவையும் சேர்ந்தே வரும் சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளும் உண்டு. முதலாவது 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது. எல்லாம் சொல்லி முடித்ததும், "அங்கேருந்து நம்ம கோயிலுக்கு எப்படிப் போறது?" என்றார் அம்மா. எங்கள் வட்டாரமான ஈசூனில் உள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலை விட்டு அவர் வரமாட்டார்.

ஆக, இருக்கிற வீட்டையே மாற்றுவது. மூத்தோர் வீட்டில் பாதுகாப்பு வசதிகள் பொருத்த அரசு மானியம் தரும் ஈஸ் (EASE) திட்டத்தில் கைப்பிடிகள், வழுக்காத தரை, சாய்தளம் எல்லாம் கிடைக்கும். 2024 முதல் குளிக்கும்போது உட்கார மடக்கு இருக்கையும் சேர்த்திருக்கிறார்கள். எங்களுடையது நாலறை வீடு. குடிமக்கள் என்பதால் செலவில் 7.5 விழுக்காடுதான் எங்கள் பங்கு. மூவறை என்றால் 5. இணையத்தில் விண்ணப்பிப்பது சுலபமாக முடிந்தது.

அளவெடுக்க ஆள் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். தொலைபேசியில் "சரி, சரி" என்றுவிட்டேன். மாலையில் பார்த்தால் கைப்பிடிகளுக்கான பென்சில் குறி எல்லாம் வலப்பக்கம். வலது தோள்தானே தூக்கமுடியாமல் இருக்கிறது! உயரமும் அதிகம், அம்மா குள்ளம். அதைவிட முக்கியமான ஒன்று: அம்மா ஷவரில் குளிப்பதே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, வாளியில் மொண்டு ஊற்றுவார். வாளிப் பக்கம் ஒரு குறிகூட இல்லை.

அன்றிரவே அம்மாவை முக்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னேன், பிறகு கழிவறை இருக்கையிலும். இடது கை தானாகச் சுவரில் பட்ட இடத்திலெல்லாம் டேப் ஒட்டினோம். துளை போட வந்தவர் டேப்பைப் பார்த்து, குழாய் போகும் ஓரிடத்தை மட்டும் சற்றுத் தள்ளிப் பொருத்தினார். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீட்டில் இதை விடவே கூடாது.

இப்போது அம்மா கதவைச் சாத்திக்கொள்கிறார். தாழ் மட்டும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு மலாய் அக்கா வந்து பார்த்துவிட்டுத் தானும் விண்ணப்பிக்கிறார். அவருக்கு 63 வயது. 60 முதல் 64 வரை உள்ளவர்கள் அன்றாட வேலை ஏதேனும் ஒன்றுக்காவது பிறர் உதவி தேவை என்று மதிப்பீட்டு அறிக்கை தரவேண்டும், அதற்காக அலைகிறார். அம்மா அவரிடம் ஒன்றுதான் சொன்னார்: "ஆள் வரும்போது நீயே உட்கார்ந்து எழுந்து காட்டு."