விண்டோஸ் 10-ல் மீடியா சென்டர்

2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மீடியா சென்டரை, அதாவது டிவி, வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஓட்டும் புரோகிராமை, மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை. ஆர்வலர்கள் தொகுத்த ஜிப் ஃபைல்தான் இப்போது வழி. அதிகாரப்பூர்வமானது இல்லை. அதனால் இறக்கியதும் வைரஸ் ஸ்கேன், அடுத்து ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது கெட்டால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு). தயவுசெய்து இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

ஜிப்பை நேராக சி டிரைவில் பிரித்துப் போடுங்கள், டெஸ்க்டாப் வேண்டாம். பாதையில் இடைவெளி உள்ள பெயர் வந்தால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடலாம். முதலில் அதற்குள் இருக்கும், அனுமதியைச் சோதிக்கும் டெஸ்ட்ரைட்ஸ் ஃபைலை ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புத் திரை ஒன்று வரும், மூடிவிடலாம். பிறகுதான் இன்ஸ்டாலர், அதையும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே ஓட்ட வேண்டும். வெறுமனே டபுள் கிளிக் செய்தால் சிஸ்டம் ஃபோல்டரில் எழுத அனுமதி கிடைக்காது. பலருக்கும் சிக்குவது இங்கேதான்.

பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தால் சிஸ்டம் ஃபைல்கள் மாறி மீடியா சென்டர் காணாமல் போகும். மேலேயே திரும்பப் போடாதீர்கள். அன்இன்ஸ்டாலரை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, முதலிலிருந்து தொடங்குங்கள். மீடியா சென்டரின் டிவி நிகழ்ச்சி அட்டவணைச் சேவை 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கம்ப்யூட்டரில் உள்ள படங்களை வீட்டு டிவியில் பார்ப்பது மட்டும்தான் தேவையென்றால் இத்தனை பாடு எதற்கு? கம்ப்யூட்டரையே சர்வராக்கி படங்களை டிவிக்கு அனுப்பும் இலவச மென்பொருளான ஜெல்லிஃபின் போதும். டிவியில் சர்வர் தெரியவில்லையா, ஃபயர்வாலில் 8096 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.