பிளேஸ்டேஷனுக்கு நெட் வரவில்லையா? முதலில் மேக் அட்ரஸைப் பாருங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட் கடைசி என்றால் டார்முக்குள், அதாவது மாணவர் விடுதிக்குள், பிள்ளைகள் குடிவரும் நேரம். ஐடி ஹெல்ப் டெஸ்கில் அந்த வாரம் முழுக்கக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "போனில் நெட் வருகிறது, டிவியில் ஏன் வரவில்லை?" டிவி போன்ற சாதனங்களைப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் தனியாக ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்பதுதான் பதில். நம் ஊரிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் பலர் வெளியே அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கிவிடுவதால் இந்தத் தொல்லை அவர்களுக்கு இல்லை. கேம்பஸுக்குள்ளேயே அறை கிடைத்தவர்களுக்கும், அங்கே இளநிலை படிக்கப் போகிறவர்களுக்கும்தான் இது.

போன், லேப்டாப், டேப்லெட் மூன்றையும் எங்கேயும் ரிஜிஸ்டர் செய்யத் தேவையில்லாத கேம்பஸ்களே இப்போது அதிகம். அவை எடுரோம் (பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை) போன்ற நெட்வொர்க்கில் 802.1எக்ஸ் முறையில் உங்கள் பல்கலைக்கழக ஐடி, பாஸ்வேர்டோடு நேராக நுழைந்துவிடும். யூசர்நேம் கட்டத்தில் ஐடியை மட்டும் போடாமல், அட் குறியும் பல்கலைக்கழக டொமைனும் சேர்த்து முழுதாகப் போடுங்கள். வெறும் ஐடி உங்கள் கேம்பஸில் ஒருவேளை வேலை செய்யலாம். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் செய்யாது, ஏனென்றால் நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று அந்த சர்வருக்கு டொமைனை வைத்துத்தான் தெரியும். ஆண்ட்ராய்டு 11 வந்தபிறகு பல போன்களில் "சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்க்காதே" என்ற வசதி எடுக்கப்பட்டுவிட்டது; நெட்வொர்க் போலி அல்ல என்று காட்டுவதே அந்த சர்ட்டிஃபிகேட். கையால் செட் செய்தால் டொமைன் கட்டத்தையும் சரியாக நிரப்ப வேண்டும். அதைவிட, பல்கலைக்கழகம் சொல்லும் செட்டப் ஆப்பையோ கெட்எடுரோம் ஆப்பையோ இறக்கிக்கொள்வது நல்லது. போலி எடுரோம் வைத்து பாஸ்வேர்டு பிடுங்குபவரிடமிருந்தும் அது காப்பாற்றும்.

ரிஜிஸ்ட்ரேஷன் தேவைப்படுவது இந்த முறை தெரியாத சாதனங்களுக்கு: ரோக்கு, ஃபயர் டிவி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச், அலெக்ஸா ஸ்பீக்கர் இத்யாதி. இவற்றில் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைய வழியில்லை. அதனால் நெட்வொர்க் இவற்றை மேக் அட்ரஸை, அதாவது சாதனத்தின் வைஃபை அல்லது லேன் பகுதிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த அடையாள முகவரியை, வைத்து அடையாளம் காண்கிறது. லேப்டாப்பில் பல்கலைக்கழகத்தின் சாதனப் பதிவுப் பக்கத்தைத் திறந்து, லாகின் செய்து, மேக் அட்ரஸையும் ஒரு பெயரையும் கொடுத்து சப்மிட் செய்ய வேண்டும். பிறகு அதற்கென்றே இருக்கும் வைஃபை பெயரில் சாதனத்தை இணைக்க வேண்டும். எடுரோமில் இணைக்க முயன்றால் எத்தனை முறை ரிஜிஸ்டர் செய்தும் பயனில்லை.

மேக் அட்ரஸ் 12 இலக்கம், இரண்டிரண்டாக ஆறு ஜோடி. 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் மட்டுமே வரும். ஓ என்ற எழுத்து அதில் கிடையாது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம். டிவி திரையைப் பார்த்துக் கையால் எழுதும்போது 8-ஐயும் பி-யையும் மாற்றி எழுதுவது சர்வசாதாரணம், ஆகவே போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நடுவில் கோலன் போடுவதா, சிறுகோடா என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும். விண்டோஸ் சிறுகோடு போட்டுக் காட்டும், கோலன் கேட்கும் பக்கம் அதை "தவறான முகவரி" என்று திருப்பிவிடும்.

எங்கே பார்ப்பது? பிளேஸ்டேஷன் 5-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர், கன்சோல் இன்ஃபர்மேஷன். எக்ஸ்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் இன்டர்நெட். ரோக்குவில் செட்டிங்ஸ், நெட்வொர்க், அபௌட். ஃபயர் டிவியில் மை ஃபயர் டிவி, அபௌட், நெட்வொர்க். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் இரண்டு முகவரிகள் தெரியும், லேன் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. கேபிள் முகவரியைக் கொடுத்துவிட்டு வைஃபையில் இணைத்தால் நெட்வொர்க்குக்கு அது முன்பின் தெரியாத சாதனம். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் ரிஜிஸ்டர் செய்துவிடலாம், உங்கள் கேம்பஸின் எண்ணிக்கை வரம்பு இடம் கொடுத்தால்.

சில சாதனங்கள் நெட் கிடைக்கும்வரை செட்டப்பையே முடிக்காது. செட்டப் முடியாமல் மெனுவுக்குள் போக முடியாது, மெனுவுக்குள் போகாமல் முகவரி தெரியாது. பெட்டியிலோ சாதனத்தின் அடியிலோ ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து செட்டப்பை முடியுங்கள், பிறகு முகவரியைக் குறித்துக்கொண்டு கேம்பஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். அலெக்ஸா ஸ்பீக்கருக்கு அலெக்ஸா ஆப்பிலேயே சாதனத்தின் அபௌட் பகுதியில் முகவரி தெரியும்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது ரேண்டம் மேக் அட்ரஸில். போனையும் மேக் முறையில் ரிஜிஸ்டர் செய்யச் சொல்லும் கேம்பஸ்கள் இன்னும் உண்டு. ஆனால் 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் வைஃபைக்குத் தம் உண்மையான முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனைமுகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. கடைகளும் மால்களும் உங்களைப் பின்தொடராமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். டார்மில் மட்டும் தலைவலி.

ஐஓஎஸ் 18-ல் இதற்கு ஆஃப், ஃபிக்ஸ்டு, ரொட்டேட்டிங் என்று மூன்று நிலை. பாஸ்வேர்டு இல்லாத, அல்லது பாதுகாப்பு பலவீனமான வைஃபையில் ஐபோன் தானாக ரொட்டேட்டிங்கைத் தேர்ந்துகொள்ளும், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகவரி மாறும். ரிஜிஸ்டர் செய்த சாதனங்களுக்கான வைஃபை பல கேம்பஸ்களில் பாஸ்வேர்டு இல்லாததாகவே இருக்கும். அதனால்தான் ரிஜிஸ்டர் செய்து இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய போன் ஒரு நாள் காலையில் திடீரென்று மறுபடி ரிஜிஸ்டர் செய்யச் சொல்கிறது. அந்த வைஃபை பெயருக்கு மட்டும் ஃபிக்ஸ்டு அல்லது ஆஃப் என்று மாற்றுங்கள். எல்லா நெட்வொர்க்குக்கும் அணைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் பிரைவசி என்ற பகுதி, சாம்சங்கில் மேக் அட்ரஸ் டைப். எது புனைமுகவரி என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி: இடமிருந்து இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் புனைந்தது. 46:13:95:20:87:01 என்று காட்டினால், அந்த 6 போதும், தொழிற்சாலையில் கொடுத்த முகவரி அல்ல என்று சொல்லிவிடலாம்.

லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லாமல் யுஎஸ்பி டாங்கிள் வாங்கிப் போடுகிறவர்கள் கவனிக்க: நெட்வொர்க்குக்குத் தெரியும் முகவரி டாங்கிளுடையது. அறைத்தோழனுக்கு இரவல் கொடுத்தால் அவன் பார்ப்பதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.

சப்மிட் செய்த உடனே நெட் வராது. ரிஜிஸ்டர் ஆவதற்கு முன் சாதனத்துக்குத் தனிமைப்படுத்திய ஒரு நெட்வொர்க்கின் ஐபி (நெட்வொர்க் தற்காலிகமாகக் கொடுக்கும் முகவரி) கிடைத்திருக்கும், அது காலாவதியாகும்வரை சாதனம் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். சில நிமிடம் விட்டு முழுக்க அணைத்துப் போடுங்கள். கன்சோலை ரெஸ்ட் மோடில் போடுவது அணைப்பதாகாது. லேப்டாப்பில் ரிஜிஸ்ட்ரேஷன் பக்கம் தானாகத் திறக்காவிட்டால் கூகுளையோ யூடியூபையோ அடித்துக் காத்திருக்காதீர்கள், அவை எச்டிடிபிஎஸ், அதாவது குறியாக்கம் செய்த இணைப்பு, என்பதால் வழிமறித்துத் திருப்பிவிட முடியாது. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடித்தால் பக்கம் வரும். ஐபி 169.254 என்று தொடங்கினால் பிரச்சினை ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் முந்தியது. முகவரி கொடுக்கும் சர்வர் வரைக்கும் பேச்சே போகவில்லை. கேபிளையும் சுவர் சாக்கெட்டையும் பாருங்கள்.

எல்லாம் சரி, டிவியில் நெட்ஃபிளிக்ஸ் ஓடுகிறது, ஆனால் போனிலிருந்து காஸ்ட் செய்ய டிவி தெரியவே இல்லை என்பார்கள். போன் எடுரோமில், டிவி சாதன வைஃபையில். காஸ்ட், ஏர்பிளே இரண்டும் "இங்கே யார் இருக்கிறீர்கள்?" என்று கூவித்தான் டிவியைத் தேடும், அந்தக் குரல் ஒரு சப்நெட்டை, அதாவது நெட்வொர்க்கின் ஒரு பிரிவை, தாண்டாது. ஒருவர் ரிஜிஸ்டர் செய்த சாதனங்களை அவருக்கு மட்டும் ஒரே வீட்டு நெட்வொர்க் போலக் காட்டும் வசதி சில கேம்பஸ்களில் உண்டு. அது இல்லாத இடத்தில் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிவிடுவதே மேல்.

இத்தனை தொல்லைக்கு ஒரு ரூட்டரைச் செருகிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சுவரிலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் போடாமல் லேன் போர்ட்டில் போட்டுவிட்டால், உங்கள் ரூட்டர் பக்கத்து அறைகளுக்கெல்லாம் 192.168 என்று ஐபி கொடுக்க ஆரம்பிக்கும், அவர்களுக்கு நெட் போய்விடும். கேம்பஸ் நெட்வொர்க்கின் இப்போதைய ஸ்விட்சுகள் அதைக் கண்டுபிடித்துத் தடுக்கும், பல இடங்களில் உங்கள் சாக்கெட்டையே அணைத்தும்விடும். சரியாகச் செருகினாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ஒரு மாடியில் பத்து ரூட்டர் இருந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. பிரின்டர் தானே பரப்பும் வைஃபையான வைஃபை டைரக்ட்டும் இதே குற்றத்தைச் செய்கிறது. அதை அணைத்து யுஎஸ்பி கேபிளில் பிரின்ட் எடுங்கள்.

சாதனங்களை ரிஜிஸ்டர் செய்யச் சொல்லும் இந்த வழக்கம் புதிதல்ல. டெக்சஸின் சவுத்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டியில் எழுதிய நெட்ரெக் என்ற சாதனப் பதிவு மென்பொருளைப் பற்றி 1999-லேயே மாநாட்டுக் கட்டுரை வந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ், மாணவர்கள் கம்ப்யூட்டர்களோடு திரும்பி வந்த அதே வாரங்களில் பரவியது. எந்தக் கம்ப்யூட்டர் யாருடையது என்று தெரியாமல் பாதிக்கப்பட்டதைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது. 2008-ல் வந்த அமெரிக்க உயர்கல்வி வாய்ப்புச் சட்டம், கேம்பஸ் நெட்வொர்க்கில் பதிப்புரிமை மீறிய பகிர்வைத் தடுக்கத் திட்டம் வைத்திருக்கும்படி கல்வி நிறுவனங்களைக் கேட்கிறது. டாரன்டில் படம் இறக்கியதாகப் புகார் வந்தால் ஐபி, நேரம், மேக் அட்ரஸ், அதிலிருந்து உங்கள் பெயர் என்று கயிறு பிடித்து வந்துவிடுவார்கள். நண்பனின் சாதனத்தை உங்கள் பெயரில் ரிஜிஸ்டர் செய்யும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடித்துப் போகும் சீனியரிடம் கன்சோல் வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் அவர் கணக்கிலிருந்து அதை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "வேறொருவர் பெயரில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று வரும், அவர் கணக்கும் மூடியிருந்தால் ஹெல்ப் டெஸ்க்தான் கதி. அங்கே எழுதும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மேக் அட்ரஸ், சாதனம் காட்டும் ஐபி, வைஃபை பெயர் அல்லது சுவர் சாக்கெட்டில் ஒட்டியிருக்கும் எண், அறை எண், கடைசியாக முயன்ற நேரம் இவ்வளவும் முதல் மெயிலிலேயே இருக்கட்டும்.