வெங்காயத் தாளில் நிற்காத துளி

பல்லடத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்தில் சின்ன வெங்காயத்தில் இலைப்பேன் ஏறியபோது, 10 லிட்டர் தெளிப்பானில் 300 மில்லி வேப்பெண்ணெயை அப்படியே ஊற்றிக் குலுக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். எண்ணெய் மேலே மிதந்துவிட, அடியிலிருந்து உறிஞ்சும் தெளிப்பான் முதல் பாத்திகளுக்கு வெறும் தண்ணீரையும் கடைசி இரண்டு பாத்திகளுக்கு ஏறக்குறைய தனி எண்ணெயையுமே அடித்திருந்தது. மூன்றாம் நாள் அந்தக் கடைசிப் பாத்திகளின் தாள்கள் நுனி கருகி நின்றன. முதல் பாத்திகளிலும் பயனில்லை. தாளில் பட்ட தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு மண்ணில் விழுந்துவிட்டது.

"சோப்பைக் கரைச்சுப்போட்டுத்தான் எண்ணெய ஊத்தோணும் கண்ணு" என்றார் அப்பாரு.

அந்தச் சோப்பு இரண்டு வெவ்வேறு எல்லைகளில் வேலை செய்கிறது: தண்ணீர்த் துளியின் மேற்பரப்பிலும், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்திலும். தண்ணீரின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளை இழுக்கப் பக்கத்திலும் கீழேயும் மட்டுமே துணை உண்டு என்பதால், பரப்பு முடிந்தவரை சுருங்கப் பார்க்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. 20 டிகிரி செல்சியசில் தண்ணீருக்கு மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். வெங்காயத் தாளின் மெழுகு தண்ணீரை ஈர்க்காததால் துளி உருண்டையாகவே நிற்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும். நீண்ட வால் எண்ணெயை நாடும். துளியின் பரப்பில் அவை நெருக்கமாக நின்றதும் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்க, துளி தாளின்மேல் படர்கிறது. எண்ணெய்ப் பொட்டுகளையோ அதே மூலக்கூறுகள் சுற்றி வளைத்து மின்னூட்டம் கொண்ட உறையாகின்றன. உறைகள் ஒன்றையொன்று விலக்குவதால் எண்ணெய் ஒன்றுசேராமல் பால்போல் வெண்மையாகக் கலந்து நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரிய தடை போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுகின்றன. ஒரு டம்ளரில் போர் தண்ணீரையும் இன்னொன்றில் ஓட்டு விளிம்பில் பிடித்த மழைத்தண்ணீரையும் எடுத்து, ஒரே அளவு காதி சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கினேன். மழைத்தண்ணீர் நுரை கட்டி நின்றது. போர் தண்ணீரிலோ திரிந்த பால்போல் வெள்ளைச் செதில்கள் மிதந்தன, நுரையே இல்லை. அந்தச் செதில்கள் தெளிப்பானின் மூக்கையும் அடைக்கும். ஆகவே பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் அதையே மருந்துக்கு எடுத்துக்கொள்கிறோம். மற்ற நாட்களில் மருந்துக்கடையில் விற்கும், மின்னூட்டம் இல்லாத வகை ஒட்டும் திரவத்தைக் கலக்கிறோம், அதைத் தண்ணீரின் கடினத்தன்மை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பார்த்துப் பார்த்தே இந்தப் பரப்புகளை அளந்த ஜெர்மானியப் பெண் ஆக்னஸ் பாக்கல்சை நான் மிகவும் மதிக்கிறேன். கல்லூரிக்குப் போகாத அவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது.

சோப்பைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் சரியன்று. ஓர் அளவுக்குமேல் மூலக்கூறுகள் பரப்பில் இடமின்றித் தண்ணீருக்குள்ளேயே கொத்துக் கொத்தாகத் திரள்கின்றன. இழுவிசை அதற்குமேல் குறைவதில்லை. மருந்து வழிந்தோடுவதோடு, தாளின் மெழுகும் கெடும்.

இப்போது தெளிப்பானை நிரப்பும் முன், கலவையில் விரலை நனைத்து ஒரு தாளின்மேல் ஒரு சொட்டு விடுகிறேன். அது உருளாமல் மெல்லிய ஈரக் கறையாகப் படர்ந்தால்தான் பாத்திக்குள் இறங்குகிறேன்.