முதலில் எழுதக் கூடாது

சிறுவர் சதுரங்கப் போட்டிகளில் நடுவராக நிற்கும் நாள்களில் கால் வலியைவிட நாக்கு அரிப்பதுதான் பெரிய தொல்லை. கைக்கெட்டியதை ஒரு குழந்தை நழுவவிடும். பார்த்துக்கொண்டு தூண்போல நிற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஊமையாக இருப்பதில்லை. செக் இருக்கும்போது அதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால் தலையிட்டே ஆக வேண்டும்: எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல், மறுபடி செய்தால் ஆட்டமே போய்விடும். ஆனால் ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது, டிரா என்று நான் சொல்ல முடியாது. ஆடுபவர் கேட்க வேண்டும். ஐந்து முறை வந்தால்தான் நானாக ஆட்டத்தை முடிக்கலாம்.

பத்து வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஓர் ஆட்டம். கறுப்பில் ஆடிய சிறுவனுக்கு ஒரு சிப்பாய் குறைவு. நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, யானையால் எதிர் ராஜாவை விரட்டிக்கொண்டிருந்தான். எதிரே இருந்த சிறுமியின் ராஜா இரண்டு கட்டங்களுக்குள்ளேயே போய் வந்தது. அவனுடைய ஸ்கோர் ஷீட்டில் அதே இரண்டு நகர்த்தல்கள் வரிக்கு வரி மாறி மாறி இறங்கின. பேனா முனையை ஒவ்வொரு வரியிலும் வைத்து எண்ணினான்; அடுத்த நகர்த்தலில் அதே நிலை மூன்றாம் முறை வரும். எழுது, எழுதிவிட்டுக் கையைத் தூக்கு என்று மனத்துக்குள் கத்தினேன்.

யானையை நகர்த்தினான். கடிகாரத்தை அழுத்தினான். பிறகு கையைத் தூக்கினான்.

செல்லாது. நகர்த்தப் போவதை எழுதி, காயைத் தொடாமல் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கும் உரிமை சிறுமிக்கு; சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவள் ஏன் கேட்கப் போகிறாள்? சற்று யோசித்து ராஜாவை மூன்றாவது கட்டத்துக்கு நடத்தினாள். அரை மணி நேரத்தில் அவளுடைய சிப்பாய் ராணியானது.

தோற்ற ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது அவன் அழவில்லை. "சார், காலையில் நீங்கள்தானே முதலில் எழுதக் கூடாது என்றீர்கள்?" என்றான்.

உண்மைதான். முதல் சுற்றில், நகர்த்துமுன்பே எழுதிய அவனை எச்சரித்தவன் நான். டிரா கேட்கும்போது மட்டும் அதற்கு விலக்கு உண்டு என்பதைச் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருந்தால் யாருக்கும் பாதகமில்லை. வாயைத் திறக்கலாம் என்றிருந்த நேரத்தில் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போதெல்லாம் முதல் சுற்றுக்குமுன் அந்த விலக்கையும் சேர்த்தே அறிவிக்கிறேன். பாதிப் பேர் குதிரையின் முகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் மும்முரமாக இருப்பார்கள்.