கார்டுக்கு முன்னால் பவர் சப்ளை

கிராபிக்ஸ் கார்டு மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் கார்டின் விலையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். நான் கணினிப் பெட்டிக்குள் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்கினேன். இன்டெல் ஐ5-9400எஃப் பிராசசர், ஒரே ஒரு 8 ஜிபி ரேம், 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 400 வாட் என்று எழுதியிருந்த ஒரு பவர் சப்ளை, 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். எல்லாச் செலவுக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை 20 ஆயிரம் ரூபாய்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தடை எங்கே என்பது. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கினேன். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறியது. பிராசசர் திணறிக்கொண்டிருந்தால் இப்படி ஏறாது. ஆகவே பணம் போக வேண்டிய இடம் கார்டுதான் என்று உறுதியானது.

அடுத்து, கார்டு பொருந்தும் ஸ்லாட். இந்தத் தலைமுறை மதர்போர்டில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அதில் தரவு போகும் ஒவ்வொரு தடத்துக்கும், அதாவது லேனுக்கும், நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி வேகம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் அது நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. நினைவகமும் 4 ஜிபிதான். அந்த 4 ஜிபி நிரம்பியதும் டெக்ஸ்சர்கள், அதாவது காட்சிப் பரப்புகளின் படங்கள், கணினியின் ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாக வந்தாக வேண்டும். 4.0 ஸ்லாட்டில் சமாளித்துவிடும், 3.0 ஸ்லாட்டில் வேகம் பாதியாவதால் படம் தட்டித் தட்டி ஓடும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இன்டெல் ஆர்க் பி580க்கு 12 ஜிபி நினைவகம் இருப்பது ஆசையைத் தூண்டியது. ஆனால் அதற்கு, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் நேரடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி வேண்டும். இன்டெல் நிறுவனமே பத்தாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் பரிந்துரைக்கிறது. என்னுடையது ஒன்பதாவது. பழைய ஆர்எக்ஸ் 580 விலையில் கவர்ந்தது. 185 வாட் என்றதும் விட்டுவிட்டேன். அந்தப் பெயரில் 2304 ஷேடர் (கார்டின் கணக்கிடும் அலகு) உள்ளதும் வருகிறது, 2048 மட்டுமே உள்ளதும் வருகிறது என்பதையும் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

இப்படிக் கழித்துப் பார்த்ததில் நின்றது ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, எட்டு லேன், 132 வாட், ஒரே ஒரு எட்டு முனை மின் கேபிள். ஆர்டிஎக்ஸ் 3050இல், குறைந்த ரெசல்யூஷன் படத்தை உயர்த்திக் காட்டும் டிஎல்எஸ்எஸ் உண்டு; ஆனாலும் ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் இல்லாமல் விளையாடும் எனக்கு 6600இன் நேரடி வேகம் பெரிது.

இனி பவர் சப்ளை. தென்காசியில் வழக்கமாகப் போகும் கடை அண்ணாச்சி, “தம்பி, வாட்டைப் பார்க்காதே, ஆம்பியரைப் பார்” என்றார். வீட்டுக்கு வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 400 வாட். கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். கார்டுக்கு 132, பிராசசருக்கு 65 என்று கூட்டினாலே 197 ஆகிவிடுகிறது. எட்டு முனை கேபிளும் அதில் இல்லை. செங்கோட்டையில் சாரல் காலத்துக் காற்றுக்கு மின்சாரம் விட்டு விட்டு வரும். அந்த நிலையில் இப்படிப்பட்ட சப்ளையில் புதுக் கார்டைப் பூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. 6600க்கு அதன் நிறுவனமான ஏஎம்டி சொல்லும் குறைந்தபட்ச அளவு 450 வாட். 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தரும் 450 வாட் சப்ளையைப் புதிதாகவே வாங்கினேன். 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தை மட்டும்தான் சொல்லும், தரத்தை அன்று. அதனால் வாரண்டி ஆண்டுகளையும் பார்த்தேன்.

மீதித் தொகையில் புதுக் கார்டு வராது. எங்கள் ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. கேரளத்தின் புனலூரில் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கே ஒருவர் பழைய 6600ஐ விற்கிறார் என்று சித்தப்பா மகன் தகவல் சொன்னான். ஆரியங்காவு வழியாக பஸ்ஸில் போனேன்.

பழைய கார்டு என்றாலே மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டும் இடைவிடாத கணக்கீட்டில், ஓடியதா என்பதுதான் எல்லோருக்கும் பயம். 6600 வெளிவந்தது 2021 அக்டோபரில். எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு, கார்டுகளைக் கொண்டு மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டது 2022 செப்டம்பர் 15இல். ஆகவே பில் தேதியே பாதி பதிலைச் சொல்லிவிடும். “பில் இருக்கிறதா தம்பி?” என்று முதலிலேயே கேட்டேன். “இருக்கிறது சேட்டா” என்று எடுத்து நீட்டினார் அந்த இளைஞர். 2023 தேதி. கார்டிலும் பில்லிலும் சீரியல் எண் ஒன்றாக இருந்தது.

பிறகு கார்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விசிறிகளை விரலால் மெல்லச் சுழற்றினேன். உரசலும் இல்லை, ஆட்டமும் இல்லை. திருகுகளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் கீறல் இல்லை. ஹீட்சிங்க் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருந்தால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடு நீண்ட காலம் சூட்டில் வெந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். இதில் தூசு மட்டும்தான். அவர் கணினியிலேயே பூட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் 1792 ஷேடர், 128 பிட் நினைவகப் பாதை என்று சரிபார்த்து, அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிய பிறகே பணம் கொடுத்தேன்.

வீட்டில் பழைய டிரைவரை டிடியூ என்ற நீக்கும் மென்பொருள் கொண்டு துடைத்துவிட்டுப் பூட்டினேன். 9400எஃப்பில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், புதியது படம் காட்டும்வரை பழைய கார்டைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தேன். 1050 டிஐயில் தாழ்த்தி வைத்திருந்த டெக்ஸ்சர்களை இப்போது உயர்நிலையில் வைத்து 60 பிரேமில் ஆட முடிகிறது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான் என்பதால் பிரேமை 60க்கே கட்டி வைத்திருக்கிறேன். கார்டு குறைவாக மின்சாரம் இழுக்கிறது, யுபிஎஸ்ஸும் தாங்குகிறது. திறந்தவெளி விளையாட்டுகளில் நகரத்துக்குள் வண்டி ஓட்டும்போது சிறு தட்டல் மிச்சமிருந்தது. இன்னொரு 8 ஜிபி ரேமைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்கியதும் அதுவும் பெருமளவு அடங்கிவிட்டது. ஒதுக்கிய தொகை அத்தோடு தீர்ந்தது.

1050 டிஐ இப்போது கடையநல்லூரில், அக்கா மகனின் பழைய அலுவலகக் கணினியில் ஓடுகிறது. 75 வாட்டை ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வகை அது. தனிக் கேபிள் வேண்டியதில்லை. அந்தக் கணினியின் சப்ளையிலும் 12 வோல்ட் கட்டத்தைப் படித்துக் கணக்குப் பார்த்த பிறகுதான் பூட்டிக் கொடுத்தேன்.