புளியங்கொட்டைப் பேப்பர்

எங்கள் தெருவில் பேப்பர் போடுகிறவர் காலை ஐந்தரைக்கு சைக்கிளில் வருவார். என் தம்பியின் ஐடி கம்பெனியில் ஒருவன் பேப்பர் போட்டுவிட்டான் என்றால் ராஜினாமா கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில் அர்த்தமே வேறு: ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவது. "இந்த வருஷம் எத்தனை பேப்பர் போட்டீங்க மேடம்?" என்று தலைமை கேட்கும், அப்ரைசல் படிவம் கேட்கும், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து இலைப் பேராசிரியர் கேட்பார்.

அடுத்தவர் பேப்பர் எத்தனை பார்த்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

ரிவியூ என்கிற அந்த வேலையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். வெளியாள்களுக்காக ஒரு வரி: ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை வந்தால், எடிட்டர் அதை அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். சம்பளம் கிடையாது. எங்கள் துறையின் பெரும்பாலான இதழ்களில், எழுதியவர் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியும். பார்ப்பவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. அவர்கள் வெளிச்சத்தில் இருப்பார்கள், நான் இருட்டில் இருப்பேன்.

இந்த இருட்டுக்குள் நான் முதலில் நுழைந்தது சொந்தப் பெயரில் அல்ல. பிஎச்டி இரண்டாம் வருடம். கைடு ஒரு நாள் ஒரு பேப்பரை ஃபார்வர்டு செய்து, "பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா" என்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது அப்படியே அவர் பெயரில் போனது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் மாதத்துக்கு ஒன்றாவது வரும். இது தப்பு என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எடிட்டர் அந்தக் கட்டுரையை நம்பிக் கொடுத்தது அவரிடம் மட்டும். ஸ்காலர் ஒருத்தியும் பார்ப்பாள் என்று ஒரு வரி கேட்டிருந்தால் பெரும்பாலும் சரி என்றிருப்பார்கள், என் பெயரும் பதிவாகியிருக்கும். கேட்கும் வழக்கம்தான் இல்லை.

விஜய் சோமன் கதை எனக்குத் தெரிய வந்தது ரொம்ப வருடம் கழித்துத்தான். அதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

1978 நவம்பர். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெலெனா வாக்ஸ்லிக்ட்-ராட்பார்ட் என்ற இளம் ஆய்வாளர், உணவை வெறுத்து உடல் மெலியும் அனோரெக்சியா நோயாளிகளிடம் இன்சுலின் எப்படிப் பிணைகிறது என்று ஒரு கட்டுரை எழுதி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்கு அனுப்பினார். இதழ் அதை யேல் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஃபெலிக்கிடம் கருத்துக் கேட்டு அனுப்பியது. ஃபெலிக் பெரிய ஆள். அவர் அதைத் தனக்குக் கீழே இருந்த விஜய் சோமனிடம் கொடுத்தார். சோமன் புனேயிலிருந்து போன மருத்துவர். அதே விஷயத்தைத்தான் அவரும் ஆராய்ந்துகொண்டிருந்தார். கட்டுரை வேண்டாம் என்று ஃபெலிக் பெயரில் பதில் போனது. அதன் நகல் ஒன்று சோமனிடம் தங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் சோமனும் ஃபெலிக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழுக்குப் போனது. அந்த இதழ் அதை யாரிடம் கருத்துக்கு அனுப்பியது தெரியுமா? ஹெலெனாவின் மேலதிகாரி ஜெஸ்ஸி ராத்திடம். அவர் அதை ஹெலெனாவிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே அவருடைய சொந்த வாக்கியங்கள்!

ஹெலெனா ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் போராடினார். 1980 பிப்ரவரியில் பாஸ்டனிலிருந்து ஜெஃப்ரி ஃப்ளையர் என்ற மருத்துவர் யேலுக்குப் போய் மூலத் தரவுகளைக் கேட்டுப் பார்த்தார். சோமன் ஒப்புக்கொண்டார். திருட்டு மட்டுமில்லை, எண்களிலேயே கை வைத்திருந்தார். கட்டுரைகள் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. சோமன் வேலையை விட்டு இந்தியா திரும்பினார். அப்போதுதான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராகப் போயிருந்த ஃபெலிக்கும் அந்தப் பதவியை இழந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் திருட்டைத்தான் சொல்வார்கள். எனக்கு உறுத்தியது இன்னொன்று. கட்டுரை திருடன் கைக்குப் போனது, "நீ பார்த்துக் கொடுப்பா" என்ற ஒரு பேச்சில். திருட்டு பிடிபட்டதும் இன்னொருவர் சொன்ன அதே மாதிரி பேச்சில்தான். இரண்டு பெரிய மனிதர்களும் தங்களுக்கு வந்ததைத் தங்களுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். ஒரு பக்கம் நஷ்டம், ஒரு பக்கம் லாபம், அவ்வளவுதான் வித்தியாசம். நான் பிஎச்டி காலத்தில் அப்படிப் பார்த்துக் கொடுத்த கட்டுரைகள் எல்லாம் பழைய பென்டிரைவ் ஒன்றில் இன்னும் கிடக்கின்றன. கதையைப் படித்த பிறகுதான் அழிக்க வேண்டும் என்றே தோன்றியது.

சரி, சொந்தப் பெயரில் ரிவியூ செய்ய ஆரம்பித்த பிறகு நடந்த ஒன்று.

எங்கள் துறையில் நானோ துகள் ஒரு காய்ச்சல். துளசி, வேம்பு, முருங்கை, ஆவாரை என்று தமிழ்நாட்டில் சாறு பிழிந்து நானோ துகள் ஆக்காத இலையே இனி மிச்சமில்லை. அப்படி ஒரு பேப்பர் வந்தது. துத்தநாக ஆக்சைடில் வெள்ளியை நான்கு வேறு அளவுகளில் சேர்த்து, மெத்திலீன் நீலச் சாயத்தை வெயிலில் சிதைத்துக் காட்டியிருந்தார்கள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பொருளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் நான்கு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக. 31.8, 34.4, 36.3 டிகிரியில் துத்தநாக ஆக்சைடுக்கே உரிய, கோட்டில் கூர்மையாக எழும் மூன்று கொம்புகளும் அதனதன் இடத்தில் சரியாக நின்றன. தப்பே இல்லை. ஆனால் எதுவோ இடித்தது.

கொம்புகளுக்கு இடையில் கோடு நேராக ஓடாது, புல் முளைத்த மாதிரி பொடிப்பொடியாக ஏறி இறங்கும். அது கருவியின் இரைச்சல். ஒரே சாம்பிளை இரண்டு தடவை ஓட்டினாலும் இரைச்சல் ஒன்றுபோல வராது. இரண்டாவது கோட்டையும் நான்காவது கோட்டையும் பெரிதாக்கித் தனித்தனித் தாளில் அச்செடுத்தேன். ஆய்வகத்தின் மேற்கு ஜன்னலில், சாயங்கால வெயிலில், ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன். கீழ்த்தாளின் புல்லும் மேல்தாளின் புல்லும் இழை பிசகாமல் பொருந்தின. கொம்பின் உயரம் மட்டும் வேறு.

முதலில் வந்த ஆசை, பக்கத்து அறைத் தோழியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது. கூடாது, வெளியாகாத பேப்பர். இரண்டாவது ஆசை, முதல் பக்கத்திலேயே மின்னஞ்சல் இருக்கிறதே, எழுதியவரையே கேட்டுவிடலாம் என்பது. அதுவும் கூடாது. எடிட்டர் மட்டும் படிக்கும் பெட்டியில் எழுதினேன்: இந்த இரண்டு கோடுகளின் இரைச்சல் ஒன்றாக இருக்கிறது, கருவியின் மூலக் கோப்பை வாங்கிப் பார்க்கவும். மோசடி என்ற சொல்லை அடித்துவிட்டேன். ஒரே கோப்பைத் தவறி இரண்டு தடவை ஒட்டியிருக்கலாம். நானே ஒரு தடவை ஒட்டியிருக்கிறேன். இவர்கள் விஷயத்தில் கொம்பின் உயரம் ஏன் மாறியது என்பதற்கு மட்டும் எனக்கு இன்று வரை நல்ல காரணம் தோன்றவில்லை.

எழுதியவர்கள் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து வேறொரு இதழில் அதே தலைப்பு, அதே நான்கு கோடுகள். இந்தத் தடவை புல்லே இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. முதல் இதழின் எடிட்டருக்கு எழுதினேன். அந்த இதழுக்குத் தெரிவிப்பதாகப் பதில் போட்டார். அதோடு சரி. கட்டுரை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவர்களைத் திட்டவும் முழு மனது வரவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் தீசிஸ் கொடுக்க ஒரு பேப்பராவது வெளியாகியிருக்க வேண்டும் என்று யுஜிசி விதி வைத்திருந்தது. 2022இல்தான் அதை எடுத்தது. விதி இருந்தால் காசுக்குப் பேப்பர் போடும் கடையும் இருக்கும். 2018 மே மாதம் யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. அவ்வளவு இதழ்கள் முதலில் உள்ளே எப்படி வந்தன என்பதுதான் என் கேள்வி. அப்புறம் அதற்குப் பதிலாகக் கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். என் வாட்ஸப்புக்கு வரும் விளம்பரம் மட்டும் மாறவே இல்லை: ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் உலக அட்டவணை ஒன்று) பேப்பர், கேரண்டி, முதல் பெயருக்கு ஒரு ரேட், நாலாவது பெயருக்கு ஒரு ரேட்.

நான் மட்டும் யோக்கியமா? எங்கள் பேப்பர் ஒன்றுக்கு வந்த ரிவியூவில் இந்த ஆறு கட்டுரைகளையும் சேர்க்கவும் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஆறிலும் பொதுவாக ஒரே ஒரு பெயர். யாருடைய ரிவியூ என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. பழைய கைடிடம் போனில் கேட்டேன். "போட்டுட்டுப் போம்மா, எதுக்கு வம்பு" என்றார். எடிட்டருக்கு எழுதியிருக்க வேண்டும். நான் ஆறில் இரண்டைச் சேர்த்தேன். அந்த இரண்டுக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் மாணவி கேட்கிறாள், "சாட்ஜிபிடியில போட்டா ரெண்டு நிமிஷத்துல ரிவியூ தந்துடும் மேடம், ஏன் கஷ்டப்படறீங்க?" போடுவதும் இன்னொருவர் கையில் கொடுப்பதுதானே. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுகிறவர்களுக்கு 2023இல் இதைத் தடை செய்தது. 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை இன்னொரு கூத்தை வெளியிட்டது. இதழில் வரும் முன்பே கட்டுரைகளை ஏற்றிவைக்கும் ஆர்க்கைவ் இணையதளத்தில் 17 கட்டுரைகளுக்குள், நல்லபடியாக மட்டும் மதிப்பிடு என்பதுபோல இயந்திரத்துக்குக் கட்டளைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. சோம்பேறி ரிவியூவருக்கு வைத்த எலிப்பொறி என்று சிலர் சாக்குச் சொன்னார்களாம்.

ஆனாலும் இந்த விஷயத்தில் என் அபிமானக் கதை தென்கொரியாவின் ஹியுங்-இன் மூன் உடையதுதான். பல இதழ்கள், ரிவியூ செய்ய யாரையாவது நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கும். மூன் சொன்ன பெயர்களில் சில நிஜ ஆள்கள், சில கற்பனை. மின்னஞ்சல் முகவரிகள் மட்டும் அவரிடமோ அவருடைய கூட்டாளிகளிடமோ போய்ச் சேரும். தன் பேப்பருக்குத் தானே ரிவியூ எழுதினார். நம்பும்படி இருக்க இங்கே திருத்து, அங்கே திருத்து என்று குறையும் சொன்னார். 2012இல் மாட்டிக்கொண்டார், 28 கட்டுரைகள் போயின. எதனால் எடிட்டருக்குச் சந்தேகம் வந்தது என்றால், ரிவியூக்கள் 24 மணி நேரத்துக்குள் வந்துகொண்டிருந்தன. எந்த நிஜ ரிவியூவரும் அவ்வளவு சீக்கிரம் அனுப்ப மாட்டார்!

இதை வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன், புளியங்கொட்டை வரைக்கும்.

2023 ஜனவரியில் ஒரு பேப்பர் வந்தது. புளியங்கொட்டையைக் கரியாக்கி, அந்தக் கரியால் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது. முதல் பெயர் ஒரு ஆராய்ச்சி மாணவன், மேற்கு மாவட்டக் கல்லூரி. நல்ல பேப்பர். அந்தச் சமயத்தில் என் மாணவி புளியம்பழ ஓட்டை வைத்து ஏறக்குறைய அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். எடிட்டருக்கு இரண்டு வரி எழுதி விலகியிருக்க வேண்டும். ஓடு வேறு, கொட்டை வேறு என்று நினைத்து 'சம்மதம்' பொத்தானை அழுத்தினேன். அப்புறம் விடைத்தாள் திருத்தும் பணி, பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். நினைவூட்டல் வரும், இன்னும் பத்து நாள் கேட்பேன். ஏப்ரல் கடைசியில்தான் எழுதி அனுப்பினேன். சின்னத் திருத்தங்கள், வெளியிடலாம் என்று. அதிலிருந்து ஒரு வரி, ஒரு எண் எடுக்கவில்லை; மாணவியிடம் மூச்சு விடவில்லை. அவளுடைய பேப்பர் மார்ச்சில் வேறொரு இதழில் வந்துவிட்டது.

வேலைப் பளுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதே மூன்று மாதத்தில் வேறு இரண்டு பேப்பர்களை நேரத்துக்குப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். பழைய மின்னஞ்சல்களைத் தேடியபோது தெரிந்தது.

அடுத்த வருடம் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கு. போஸ்டர் வரிசையில் நடந்துகொண்டிருந்தபோது புளியங்கொட்டைப் படம் கண்ணில் பட்டது. ஒல்லியாக ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டை. நான் பெயரைப் படித்துவிட்டு நகரப் பார்த்தேன். அதற்குள் அவன் விளக்க ஆரம்பித்துவிட்டான். நன்றாகச் சொன்னான். பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வந்துடுச்சு மேடம். ஆனா ரிவியூவிலேயே மாட்டிக்கிச்சு. அதுக்குள்ள ஓட்டுல ஒரு பேப்பர் வந்துடுச்சு, நாங்க ரெண்டாவதா ஆயிட்டோம்" என்று போஸ்டரின் அடியில் ஏழாம் எண்ணைத் தொட்டுக் காட்டினான். குனிந்து பார்த்தேன். என் மாணவியின் பெயர், பக்கத்தில் என் பெயர். அவன் என் கழுத்து அட்டையைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், நீங்களா! உங்க பேப்பரைப் பார்த்துத்தான் பாதி டிஸ்கஷன் எழுதினேன்."

ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். நின்றேன். அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் அனுப்பினான், நன்றி மேடம் என்று இரண்டு கை கூப்பிய படத்தோடு. நானும் ஒரு கை கூப்பிய படத்தை அனுப்பினேன்.